வலிக்காத துளி

ஸ்கொலாஸ்திகா போக்கி என்ற பெயரை இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. வகுப்பில் அவள் தீக்கா. அறைத்தோழி ரோத்துவாவுக்குச் ‘சேறு’. ஆய்வுக்கூடத்தில் மூத்த மாணவர் காங் யாயன் வாய்க்கு ‘காப்பி’. ஃப்ளோரெஸ் தீவில் பாஜாவா மலையிலிருந்து வந்தவள், அங்கே காப்பி விளைகிறது, அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் பயம்.

எதற்கும் பயப்படுகிற பெண் அவள். அப்பா பாஜாவாவுக்கும் ஏன்டேவுக்கும் இடையே பேமோ வண்டி ஓட்டுகிறவர். அம்மா காப்பிக்கொட்டை காயவைக்கிறவள். மாவட்ட நிர்வாகத்தின் உதவித்தொகையில்தான் நிலவியல் படிக்க கடல் தாண்டி வந்திருந்தாள். துறையிலிருந்து ஒரு கெட்ட பெயர் எழுதி அனுப்பினால் அந்தத் தொகை நின்றுவிடும் என்று புறப்படும்போதே அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். தீக்காவுக்கு அது காதிலேயே தங்கிவிட்டது. வகுப்பில் யாராவது அவள் பெயரைக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாலும் முதலில் அந்த அலுவலகமும் அந்தக் குரலும்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் ஆண்டில் பேராசிரியை இபு ஹெர்லினாவின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. இபு என்றால் அம்மா, ஆசிரியைகளையும் மேலதிகாரிகளையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாண்டுங் நகரமே ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. அந்த ஏரியின் அடிச்சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, மண்ணை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சுகிற பழைய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து, அந்நாளில் கரையில் என்ன மரங்கள் நின்றன என்று சொல்வார்கள். இளநிலை மாணவர்களுக்கு மகரந்தம் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. இடிப்பது, சலிப்பது, கழுவுவது, குவளை தேய்ப்பது, இவைதான் அவர்கள் பங்கு. தீக்கா நகக்கண்ணில் சாம்பல் நிறச் சேற்றோடுதான் அறைக்குத் திரும்புவாள்.

முதல் நாளே இபு ஹெர்லினா புதியவர்களை உட்காரவைத்துப் பேசினார். குள்ளமான பெண்மணி. தலைமுக்காட்டை இறுக்கிக் குத்தியிருப்பார். குரலை ஒருபோதும் உயர்த்துவதில்லை, அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

“உங்ககிட்ட நான் மூளையை எதிர்பார்க்கல. இருந்தா சந்தோஷம், இல்லேன்னா வளர்த்துக்கலாம். சொன்ன நேரத்துக்கு வரணும். கண்ணால பார்த்ததை மட்டும் எழுதணும், பார்க்க ஆசைப்பட்டதை எழுதக் கூடாது. ஆசிட் அறைக்குள்ள யாரும் தனியா போகக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். அப்புறம், எதையாவது உடைச்சீங்கன்னா, சாமானோ, மேசையோ, உங்க கையோ, அதை உங்க வாயால நான் முதல்ல கேக்கணும். இன்னொருத்தர் சொல்லி எனக்குத் தெரியக் கூடாது. புரியுதா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். தீக்கா இரண்டு தடவை ஆட்டினாள்.

சில வாரங்களில் லுக்மான் என்ற பையன் நுண்ணோக்கியின் கண்ணாடி வில்லையை உடைத்துவிட்டான். சொன்னபடியே நேரே போய்ச் சொன்னான். தீக்கா பக்கத்து மேசையில் இருந்தாள். இபு எழுந்து வந்து வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி, நீ போ” என்றார். அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை. அடுத்த திங்கட்கிழமை லுக்மானின் முக்காலியில் மண் மூட்டை உட்கார்ந்திருந்தது. அவன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இபுவும் பேச்சை எடுக்கவில்லை.

காங் யாயன்தான் அதற்கு விளக்கம் வைத்திருந்தார். முதுநிலை ஆய்வு முடிக்கிற அவசரத்தில் இருந்த சுந்தானியர், அவர்கள் மொழியில் காங் என்றால் அண்ணன். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், வேலை வாங்குவதில் மன்னன்.

“இபு சொன்னது சுவத்துல ஒட்டறதுக்குடா. நான் சொல்றதுதான் வேலைக்கு” என்றார் குவளைகளை அடுக்கியபடி. “அவங்க எதிர்பார்க்கறது ஒண்ணே ஒண்ணுதான். திங்கக்கிழமை வந்து பார்த்தா சாம்பிள் தயாரா இருக்கணும். இருந்தா நீ நல்ல பிள்ளை. இல்லேன்னா...” அவர் மண் மூட்டையைப் பார்த்தார். “என்ன காப்பி, கேக்குதா?”

“கேக்குது காங்.”

“கேக்குதுன்னு சொல்றப்போவே கை நடுங்குதே. உங்க ஊர்ல பேய் ஜாஸ்தியோ?”

பக்கத்திலிருந்த இன்னொரு மாணவன் ஃபஜ்ரி சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

மண்ணின் சுண்ணாம்பைப் போக்க ஒரு சாதாரண அமிலம். அதன்பின் மணலையும் களிமண்ணையும் கரைக்க எச்.எஃப். என்கிற ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே தின்றுவிடும் என்பதால் அதற்குப் பிளாஸ்டிக் குவளைகள்தான். அந்த அமிலத்தைப் பற்றி இபு ஒரு நாள் சொன்னதிலிருந்து தீக்கா அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் சிலுவைக்குறி போட்டுக்கொள்வாள்.

“மத்த ஆசிட் தோல்ல பட்டா உடனே சுடும், நீ கத்திடுவே. இது கத்தவிடாது. தண்ணி கலந்திருந்தா ஒண்ணுமே தெரியாது. சத்தமில்லாம உள்ள எறங்கி எலும்புல இருக்கற கால்சியத்தைத் தேடும். வலி தெரியறப்போ அது பாதி வேலையை முடிச்சிருக்கும். ரொம்ப உடம்புல பட்டுச்சுன்னா இதயமே நின்னுடும். பட்ட உடனே தண்ணியில நல்லா கழுவிட்டு இந்தக் களிம்பைத் தேய்க்கணும்.” ஒரு சின்னக் குழாயைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெளியே வைத்தால் காணாமல் போய்விடுகிறதாம். விலையும் அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை இபு ஜோக்ஜா நகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். முந்தின நாள் மின்சாரம் போனதால் ஆசிட் அறையின் காற்று உறிஞ்சும் கூண்டு ஓடவில்லை, வேலை பின்தங்கிவிட்டது. குவளைகளில் அமிலத்தை வடித்துத் தண்ணீர் நிரப்ப வேண்டும். மண் அடியில் படியக் காத்திருக்க வேண்டும். மறுபடி வடிக்க வேண்டும். ஒருமுறை வடித்து நிரப்பியாகிவிட்டது. மதியத் தொழுகை நெருங்கியது. ஃபஜ்ரி ஏற்கெனவே கை கால் கழுவிவிட்டு வாசலில் செருப்போடு நின்றான்.

“காங், நீங்க வந்தப்புறம் ரெண்டாவது தடவை வடிக்கட்டுமா?” என்று தீக்கா கேட்டாள்.

காங் யாயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாங்க வர்றதுக்குள்ள மண்ணு படிஞ்சு உட்கார்ந்திருக்கும். அப்பவே வடிச்சாத்தான் சாயங்காலம் மூணாவது முடியும். இல்லேன்னா நாளைக்கும் நான்தான் வரணும். நாளைக்கு எங்க மாமா வீட்டுல கல்யாணம்.”

“ஆனா தனியா...”

“அட, பாதி தண்ணிதான் இருக்கு அதுல. வடிக்கறதுக்கு என்ன துணை? கையைப் பிடிச்சுக்கணுமா?” ஃபஜ்ரி கெக்கலித்தான். காங் யாயன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “பாரு, நான் உன்னைச் செய்யச் சொல்லல. செய், இல்ல விடு. உன் இஷ்டம். திங்கக்கிழமை இபு கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ.”

அவர்கள் போய்விட்டார்கள். மாடிப்படியில் பேச்சுச் சத்தம் தேய்ந்தது. வளாகம் முழுவதும் திடீரென்று காலியானதுபோல இருந்தது. தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பிரசங்கம் கேட்டது. தீக்கா கொஞ்ச நேரம் ஆசிட் அறையின் வாசலில் நின்றாள். ‘தனியாக நுழையாதே’ என்று கதவில் இபுவின் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அவளுக்கு மண் மூட்டை ஞாபகம் வந்தது.

உள்ளே போனாள்.

மேலங்கி, முகக் கவசம், தடித்த கையுறை. இருந்த கையுறைகள் எல்லாம் பெரிய கைகளுக்கானவை. விரல் நுனியில் சுருக்கம் விழுந்து தொங்கும். அவற்றில் ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். ஊதவில்லை. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

கடைசிக் குவளையில்தான் அது நடந்தது. சாய்த்தபோது அமிலம் மூக்கு வழியாக விழாமல் குவளையின் வெளிப்புறமாக வழிந்து, அவள் இடது கையின் மேல் இறங்கியது. குவளையைப் பதறாமல் வைத்தாள். கையுறையைத் தண்ணீரில் அலசினாள். ஒன்றுமில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். கையுறையைக் கழற்றியபோது மோதிர விரலின் நுனி ஈரமாக இருந்தது.

வியர்வையாக இருக்கலாம். கையுறைக்குள் வியர்க்கத்தானே செய்யும்? விரலை மோந்து பார்க்கப் போனவள் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். கையுறையை எடுத்துத் தண்ணீர் நிரப்பி அழுத்தினாள். மோதிர விரல் நுனியிலிருந்து ஊசிநூல்போல ஒரு கீற்று பீச்சியடித்தது.

குழாயைத் திறந்து விரலைக் கீழே பிடித்தாள். வலிக்கவில்லை. சிவக்கவில்லை. அழுத்திப் பார்த்தாள், மற்ற விரல்களைப் போலவே இருந்தது. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரையாவது கூப்பிட ஒரு காரணம் கிடைத்திருக்கும். ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தாள், பாதியில் மறந்துபோனது. சிறு வயதிலிருந்து தினமும் சொன்ன ஜெபம்.

ஓடிப்போய் இபுவின் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஜோக்ஜாவில், இபுவின் கைப்பைக்குள். திரும்பக் குழாயடிக்கு வந்து விரலை நீட்டினாள். நிறைய நேரம் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம்தான் கழுவியிருப்பாள், கீழே மோட்டார்சைக்கிள்கள் திரும்பும் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள். கையை மேலங்கியில் துடைத்தாள். ஓட்டைக் கையுறையைச் சுருட்டிக் குப்பைக்கு அடியில் திணித்தாள்.

எதற்காகக் குழாயை மூடினோம் என்று பிற்காலத்தில் அவள் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. தனியாக நின்று கைகழுவுவதைக் காங் யாயன் பார்த்துவிடுவார் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

“முடிஞ்சுதா காப்பி?” காங் யாயன் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பள்ளிவாசல் முனையில் விற்கிற பதாகோர் என்ற பொரித்த மீன் பலகாரம், வேர்க்கடலைக் குழம்பு வாசனை கூடம் முழுக்க அடித்தது.

“முடிஞ்சுது காங்.”

“பிரச்சினை ஒண்ணும் இல்லையே?”

“இல்ல காங்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? பசியா? இந்தா, தின்னு.” குச்சியில் குத்தி நீட்டினார். அவர் நல்லவர்தான். அதுவும் கஷ்டமாக இருந்தது. தீக்கா வலது கையால் வாங்கித் தின்றாள்.

மாலையில் அங்கோட் வண்டியில் திரும்பும்போது விரலுக்குள் ஒரு துடிப்பு தொடங்கியது. பக்கத்தில் ஒரு அம்மாள் கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். குஞ்சுகள் கத்திக்கொண்டே வந்தன. தீக்கா விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள். ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது திறந்து பார்த்தாள். நுனி வெளிறி, ஊறிய அரிசிபோல இருந்தது. நகத்துக்கு அடியில் சாம்பல் பூத்திருந்தது. அது சேறாக இருக்கும் என்று சுரண்டினாள். சேறு இல்லை.

இறங்க வேண்டிய இடத்தில் ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் குரல் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். இதயம் அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. இதயமே நின்றுவிடும் என்று இபு சொன்னது நினைவுக்கு வந்ததும், ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடி வருகிறதா என்று கவனிக்க ஆரம்பித்தாள். அப்படிக் கவனிக்கும்போது எந்த இதயமும் சரியாக அடிப்பதாகத் தோன்றாது.

ரோத்துவா அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேடான் நகரப் பக்கத்து பதாக் இனப் பெண். கணக்கியல் படிக்கிறவள். அவள் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து அறையில் சண்டை என்று நினைப்பார்கள்.

“ஏ சேறு! சாப்பிட வர்றியா? இன்னைக்கு அக்கா கடையில கத்திரிக்காய் பலாதோ...” நிமிர்ந்தவள் நிறுத்தினாள். “என்னடி ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? யாரு என்ன சொன்னா? அந்த யாயனா? சொல்லு, போய் நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்.”

தீக்கா கட்டிலில் உட்கார்ந்து, இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். இப்போது அது துடிப்பாக இல்லை. விரல் எலும்பை யாரோ உள்ளிருந்து திருகுவதுபோல இருந்தது. பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் வழிந்ததை அவளே அறியவில்லை. ரோத்துவா வந்து கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். பார்த்ததும் அவள் குரல் முதன்முறையாகச் சன்னமானது.

“இது என்னது?”

“ஆசிட். மத்தியானம். சொல்லிடாதே ரோத்துவா. தனியா போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் தனியா போனேன். எழுதி அனுப்பிடுவாங்க. என் உதவித்தொகை...”

“மத்தியானமா? இப்ப என்ன நேரம்? யார்கிட்டயும் சொல்லலையா?”

“திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடும்னு...”

“நீ பைத்தியமாடி?” குரல் மறுபடி ஏறியது. “விரல் செத்துக்கிட்டிருக்கு, உனக்கு உதவித்தொகையா? போனைக் குடு. யாரைக் கூப்பிடணும்? அந்த டீச்சரையா?”

“வேண்டாம். அவங்க பேச மாட்டாங்க. சும்மா இருப்பாங்க. நீ பார்த்ததில்ல...”

ரோத்துவா கைபேசியைப் பிடுங்கி அழைத்துவிட்டாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே அதை தீக்காவின் காதில் வைத்து அழுத்தினாள். மறுமுனையில் இபுவின் அந்தத் தாழ்ந்த குரல்.

“என்ன தீக்கா?”

“இபு... மன்னிச்சுக்கோங்க. கையுறையில ஓட்டை. எச்.எஃப். பட்டுடுச்சு.”

மௌனம். தீக்கா கண்ணை மூடிக்கொண்டாள். லுக்மான் நின்ற மௌனம் அது.

“எந்த விரல்? எப்போ?” இபு கேட்டார். “மத்தியானம்” என்றதும் மூச்சு இழுபடும் ஓசை கேட்டது. “கேளு. தண்ணியில பிடிச்சுக்கிட்டே இரு, அழாதே. உன்கூட யாரு? அவகிட்ட குடு.” ரோத்துவாவிடம் எந்த மருத்துவமனை, என்ன சொல்ல வேண்டும், அமிலத்தின் பெயர் என்ன என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். அலமாரியை உடைக்கும்படி யாயனிடம் தானே சொல்வதாகவும் சொன்னார்.

மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிறு இடம்தானே, சுட்ட புண்ணுக்கு வைக்கிற மருந்து வைத்து அனுப்பலாம் என்றார். “இல்ல, டீச்சர் சொன்னாங்க, இது எலும்புக்குப் போற ஆசிட்!” என்று ரோத்துவா போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் காங் யாயன் ஓடி வந்தார். தலை கலைந்து, கை முட்டியில் ரத்தம். அலமாரியின் கண்ணாடியைக் கையாலேயே உடைத்திருந்தார். களிம்புக் குழாயை மருத்துவர் கையில் திணித்துவிட்டு தீக்காவின் பக்கம் திரும்பினார்.

“நான் கேட்டேனே. பிரச்சினை இல்லையேன்னு கேட்டேனே காப்பி. இல்லேன்னு சொன்னியே!” கோபப்படுகிறாரா கெஞ்சுகிறாரா என்று தெரியவில்லை. அவரும் பயந்திருக்கிறார் என்று தீக்கா கண்டாள். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, பயம் இரட்டிப்பாயிற்று.

மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். விரலிலேயே ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். நகத்தைக் கழற்றினார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டி பக்கத்தில் ‘பீப் பீப்’ என்றது. அந்தச் சத்தம் நிற்காமல் இருக்க வேண்டும் என்று அவள் தூங்காமல் காவல் காத்தாள். தூங்கினால் அது நின்றுவிடும் என்று ஏனோ நம்பினாள்.

விடிந்ததும் இபு ஹெர்லினா வந்தார். இரவு ரயிலில் உட்கார்ந்தே வந்திருக்க வேண்டும். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. தீக்கா எழ முயன்றாள்.

“படு.”

விரலில் போட்டிருந்த கட்டின் மேல் கையை வைக்காமல், அருகே படுக்கை விரிப்பின் மேல் வைத்துக்கொண்டார். பெட்டியின் ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மத்தியானம் ஏன் கூப்பிடல?”

தீக்கா ‘பீப்’ பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் சொன்னேனே, உன் வாயால நான் முதல்ல கேக்கணும்னு.”

“லுக்மான் சொன்னான், இபு” என்று தீக்கா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது.

“லுக்மானா? அவனுக்கு என்ன?”

“அவன் வந்து சொன்னான். நீங்க போன்னு சொன்னீங்க. அப்புறம் அவன் இல்ல.”

இபு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நான் ‘வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு, நாளைக்குப் பார்க்கலாம்’னு நெனச்சுத்தான் அவனைப் போன்னு சொன்னேன். அவன் வரல. ஆள் அனுப்பல, போன் பண்ணல. அவனுக்கு இதுல விருப்பம் இல்ல போலன்னு நான் விட்டுட்டேன்.” நிறுத்தினார். “நீங்க எல்லாரும் நான் துரத்திட்டேன்னா நெனச்சீங்க?”

“ஆமா இபு.”

“நேத்து ஆசிட்டுக்குப் பயந்தியா, எனக்குப் பயந்தியா?”

தீக்கா அழ ஆரம்பித்தாள். “உங்களுக்கு” என்றாள்.

இபு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லத் தெரியாது. செவிலி வந்து பெட்டியைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். கடைசியில், “இதயம் சரியா இருக்காம். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்” என்றார். பிறகு வெளியே போய் யாரையோ கைபேசியில் அழைத்தார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

இதயம் தப்பியது. விரல் நுனி தப்பவில்லை. சில வாரங்களில் அது கறுத்து, முதல் கணுவோடு எடுக்க வேண்டியதாயிற்று.

அதைவிட தீக்காவை வாட்டியது விசாரணை. துறையிலிருந்து மூன்று பேர் நீண்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். முந்தின வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாயனைச் சொன்னால் அவர் படிப்பு போகும். சொல்லாவிட்டால் விதியை மீறியவள் இவள். இபுவைச் சொன்னால் இனி எந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பார்கள்? ரோத்துவா வாசல்வரை வந்து, “நடந்ததைச் சொல்லு. கூட்டாதே, கழிக்காதே” என்று தள்ளிவிட்டாள்.

காங் யாயன் முதலில் பேசினார். தரையைப் பார்த்தபடி, “நான் உத்தரவு போடல. செய், இல்ல விடுன்னுதான் சொன்னேன்” என்றார். அது உண்மைதான்.

நடுவில் இருந்தவர் தீக்காவிடம் கேட்டார்: “உன் இஷ்டம்னு அவர் சொன்னாரா?”

“சொன்னாங்க ஐயா.”

“அப்போ நீயாத்தானே போனே?”

மேசைக்கு அடியில் கட்டுப் போட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். “நானாத்தான் போனேன். ஆனா இஷ்டம்னு எனக்கு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது ஐயா. காங் சொன்னா செய்யணும், திங்கக்கிழமைக்குள்ள முடியணும், முடியலேன்னா என் முக்காலியில மூட்டை இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.” இவ்வளவு நீளமாக அவள் அந்தக் கட்டடத்தில் பேசியதே இல்லை. மூட்டை என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியவில்லை. யாயனுக்குப் புரிந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இபு ஹெர்லினா எழுந்து, களிம்பு இருந்த அலமாரியின் சாவி தன் கைப்பையில் இருந்தது என்று சொல்லி உட்கார்ந்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் சொல்லியிருக்கலாம் என்று தீக்காவுக்கு அப்போது தோன்றியது. ஆனால் சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார் என்பதையும் அவள் மறக்கவில்லை.

ஆசிட் அறையை மூடினார்கள். இபுவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. யாயனின் ஆய்வு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. கொஞ்ச காலம் அவர் தீக்காவைப் பார்த்தால் வேறு படிக்கட்டில் இறங்கினார். பிறகு ஒரு நாள் ஒரு பை சலாக் பழத்தோடு விடுதி வாசலில் வந்து நின்று, ரோத்துவாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, “வலிக்குதா இன்னும்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். காப்பி என்று கூப்பிடவில்லை. உதவித்தொகை நிற்கவில்லை. பாஜாவாவுக்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை. அந்த அலுவலகத்தில் அவளைப் பற்றி யாருக்கும் ஞாபகமே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டுக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை. விடுமுறையில் போனபோது கையைப் பையின் வாருக்குள் மறைத்துக்கொண்டுதான் பேமோவிலிருந்து இறங்கினாள். அம்மா காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவள், கை நீட்டிப் பையை வாங்கும்போது பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு நேராக உள்ளே போய்விட்டாள். உள்ளிருந்து அழும் சத்தம் கேட்டது. அப்பாதான் இருட்டியபின் வந்து, “விரல் போனதுக்கு அவ அழல. எங்ககிட்ட சொல்ல உனக்குப் பயமா இருந்திருக்கே, அதுக்கு அழறா” என்றார். தீக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது.

படிப்பை அதே ஆய்வுக்கூடத்தில்தான் முடித்தாள். அமிலம் தொடாமல், நுண்ணோக்கியில் மகரந்தம் எண்ணிக்கொண்டு. முதல் தடவை திரும்பிப் போன நாளில் வாசலில் வியர்த்து நின்றாள், யாரோ பின்னால் வந்து வழி கேட்டதால்தான் உள்ளே நகர்ந்தாள். பிறகும் வெள்ளிக்கிழமை மதியம் கட்டடம் காலியாகும்போது அவளுக்குக் கை சில்லிட்டுவிடும்.

இப்போது ஏன்டேவில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை மேய்ப்பது அவள் பொறுப்பு. ரொம்பக் கண்டிப்பு என்று பெயர். யாரையும் தனியாக விடமாட்டாள். கையுறையை ஊதிக் காட்டாமல் மாட்டவிடமாட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், வந்து சேர்ந்து இரண்டு வாரமே ஆன மெர்சி என்ற பெண் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். மேலங்கியின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். தீக்கா வேலை மும்முரத்தில், “என்ன?” என்றாள். குரல் வறட்டுத்தனமாக வந்தது. அந்தப் பெண் ஓர் அடி பின்வாங்கி, “ஒண்ணுமில்ல இபு” என்று திரும்பினாள்.

தீக்கா பேனாவைக் கீழே வைத்தாள். தனக்கு ஒருத்தி பயப்படுகிறாள் என்பது அவள் நினைத்தே பார்க்காத விஷயம். எழுந்து ஓடிப்போய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைகளில் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு குடுவையைத் தவறவிட்டிருந்தாள், அவ்வளவுதான்.

“திட்டுவீங்களா இபு?” என்று கேட்டாள் மெர்சி.

“தெரியல” என்றாள் தீக்கா. அவளுக்கு மூச்சு வாங்கியது. “திட்டினாலும் நீ நாளைக்கு வரணும். வருவியா? வாயைத் திறந்து சொல்லு, நாளைக்கு வர்றேன்னு.”

“வர்றேன் இபு.”

மறுநாள் காலை அந்தப் பெண் வந்து சேரும்வரை தீக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.